ஏழாம் தூணின் பதினோரு மணி

2023ஆம் ஆண்டு மார்ச் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, ஈப்போவுக்குத் தெற்கே உள்ள ஒரு கையுறைத் தொழிற்சாலையின் மூன்றாம் கூடத்தில் ஏழாம் தூண் பால் விட்டது. தூண் சிமெண்டுத் தூண், பால் ரப்பர் பால். வெளிநாட்டுக்காரர்கள் இருபதாம் தேதி தொழிற்சாலையைப் பார்வையிட வருவதாக இருந்ததால், பதினேழு வருடமாகத் தூண்களைச் சுற்றி அடித்திருந்த பலகைகளைக் கழற்றிப் புதுப் பலகை அடிக்கச் சொல்லியிருந்தார்கள். முதலில் ஏழாம் தூணின் பலகையைக் கழற்றினார்கள். உள்ளே அந்தத் தூண் ஆள் உயரத்திலிருந்து முழங்கால் வரைக்கும் நாலு பக்கமும் சீவப்பட்டிருந்தது. இடது மேலிருந்து வலது கீழாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, நூல் பிடித்ததுபோலச் சாய்வான கோடுகள். அடியில் சிமெண்டுச் சீவல்கள் குப்பையாகக் கிடந்தன. காய்ந்த கட்டிப்பால் ஒரு மூட்டை அளவு தேறியது. கடைசிக் கோட்டில் அன்று காலை வெட்டிய ஈரம் இருந்தது. பலகை போனதும் பால் தரையில் இறங்கி, கன்வேயர் வரைக்கும் ஓடி, பவித்ரன் என்ற மேற்பார்வையாளரின் சப்பாத்தைத் தரையோடு ஒட்டிவிட்டது. கூடத்தில் பல வருடமாகப் புளித்த பால் வாடை அடித்துக்கொண்டுதான் இருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் ரப்பர் வாடை அடிக்கிறது என்று யார் போய்ப் புகார் கொடுப்பார்கள்?

ஈப்போவைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். இந்த ஊர் முதலில் ஈயம் தோண்டியது. ஈயம் தீர்ந்ததும் குழிகளில் மீன் வளர்த்தது. சுற்றிலும் ரப்பர் நட்டது, ரப்பர் சலித்ததும் செம்பனை நட்டது, நட்ட இடத்திலேயே பிறகு தொழிற்பேட்டையையும் கட்டியது. சுண்ணாம்பு மலையைக்கூட விட்டுவைக்கவில்லை, அரைத்துச் சிமெண்டாக்கிவிட்டது. ஒரே நிலத்தில் அப்பன் பால் எடுக்க ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவி மரம் வெட்டினான், பிள்ளை கையுறை அடுக்குகிறான். இரண்டும் ரப்பர்தான் என்பதால் யாருக்கும் பெரிய வித்தியாசம் தோன்றுவதில்லை. மூன்றாம் கூடம் நின்ற இடத்தில் முன்பு ஒத்தப்பாலத் தோட்டம் இருந்தது. அது வெள்ளைக்காரன் வைத்த பெயர் அல்ல, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர். தோட்டம் 1998இல் விலைபோனது, 2001இல் மரங்கள் சாய்ந்தன, 2006இல் கூடம் எழும்பியது.

அந்தக் கூடத்தைத் துடைக்கும் வேலையில் இருந்தவள் நல்லம்மாள். அப்போது அவளுக்கு அறுபது வயது. ஒட்டிக்கொண்ட பாலைச் சுரண்ட அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் வாளியோடு வந்து தூணைப் பார்த்தாள். கோடு தொடங்கும் இடத்தில் நெல் அளவுக்கு ஒரு கொக்கி வளைவு இருந்தது. ஒவ்வொரு கோட்டிலும் இருந்தது. மரம் வெட்டுகிறவர்களுக்கு உளி பிடிக்கும் கைதான் கையெழுத்து. அந்தக் கொக்கி தன் புருஷன் சின்னையாவுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சன்னலைப் பார்த்தாள். மலையின் உடைந்த பல் போன்ற இடுக்கு நேர் எதிரே தெரிந்தது. தோட்டத்தின் பதினாலாம் நிரை, மலையடிவாரத்தின் கடைசி மர வரிசை, அவர் நிரை நின்ற இடம் இது. அவள் வாளியை வைத்துவிட்டு, எங்கோ கிடந்த ஒரு பிளாஸ்டிக் கோப்பையை, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு மாதிரி தூணின் அடியில் சாய்த்து வைத்தாள். பால் அதில் நிறைந்ததும் நின்றது. அதுவரை மூன்று பேர் துணி வைத்து அடைத்தும் நிற்காத பால் அது.

சின்னையா காணாமல் போனது 1998 ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை. அதற்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கூப்பிட்டு நிரை கொடுப்பது. பிறகு மரம் வெட்டு. வெட்டி முடித்ததும் பால் வடியக் காத்திருக்க வேண்டும். பதினோரு மணிக்கு, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், பால் கொண்டுபோய் ஊற்றும் ஸ்டோர் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார். மூன்று அடி, ஒரு மூச்சு இடைவெளி, பிறகு இரண்டு அடி. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மங்கிலிருந்து பாலை எடுக்கலாம். மணிக்கு முன்னால் பால் எடுக்கிறவன் மரத்தை ஏமாற்றுகிறவன் என்று பேர். 1996இல் ஒரு நாள் நல்லம்மாளுக்குக் காய்ச்சல் முற்றி நினைவு தப்பியது. சேதி கேட்ட சின்னையா பத்து நிமிடம் முன்னாலேயே பாலை எடுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். மறுநாள் பெரட்டில் இருநூறு பேர் முன்னிலையில் மண்டோர் அவரைக் கன்னத்தில் அறைந்து, மூன்று நாளைக்கு நிரை இல்லை என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து மழை வந்தாலும் இடி விழுந்தாலும், மணி அடிக்காமல் நிரையைவிட்டு அவர் அசைந்ததே கிடையாது.

அந்த வியாழக்கிழமை பத்து மணிக்கு மண்டோரை ஆபீசுக்குக் கூப்பிட்டு, தோட்டம் விற்றாகிவிட்டது என்று சொன்னார்கள். மண்டோர் வெளியே வந்து மாமரத்தடியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. லாரிக்காரன் சேதியைப் பரப்பியதும் நிரையில் இருந்தவர்கள் எல்லாரும் வாளியைப் போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினார்கள். மலையடிவாரத்துக்கு மட்டும் யாரும் போகவில்லை. பதினோரு மணிக்கு அன்றைக்கு மணி அடிக்கவில்லை, பிறகும் அடிக்கவில்லை. சாயங்காலம் நல்லம்மாள் தேடிப்போனபோது நிரையில் மங்குகள் நிறைந்திருந்தன, ஆள் இல்லை, உளி இல்லை, வாளிகளும் அவற்றைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பும் இல்லை. ஒன்பது நாள் தேடினார்கள். தாப்பாவில் யாரோ ஒருத்தியோடு குடியிருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். கோலா கங்சாரில் லாரி ஓட்டுகிறார் என்று இன்னொருவர் கண்ணால் பார்த்ததுபோலச் சொன்னார். நல்லம்மாள் பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை. என்னைப் பார்க்க ஓடி வந்ததற்குத்தானே அடி வாங்கினார், என்னால்தானே இப்படி ஆனார் என்று இருபத்தைந்து வருடம் மனசுக்குள் அழுதாள். வெளியே அழுதால் ஊர் தாப்பாக் கதையை நம்பிவிடும் என்று பயந்தாள்.

உதவி மேலாளர் ஜெயபாலன் அந்த மண்டோரின் மகன். தோட்டத்திலிருந்து போய் ஏர்கான் அறையில் உட்கார்ந்த முதல் ஆள் அவன்தான், அந்தப் பெருமையும் அந்தப் பயமும் இரண்டும் அவனுக்கு உண்டு. நல்லம்மாள் அன்று மத்தியானமே அவன் அறைக் கதவைத் தட்டினாள்.

“தம்பி, அது அவரு வெட்டு. அவரு இன்னும் நிரையிலதான் இருக்காரு. மணிக்குக் காத்துக்கிட்டு இருக்காரு.”

“அக்கா, சத்தமா பேசாதீங்க. முதலாளி காதுல விழுந்தா உங்க கான்ட்ராக்ட்ட கட் பண்ணிடுவாரு லா.”

“பண்ணட்டும். மணிய நீ அடி. அது போதும்.”

“எந்த மணி? அதான் டெய்லி சைரன் ஊதுறாங்களே!”

“சைரனுக்கெல்லாம் அவரு எந்திரிக்க மாட்டாரு.”

ஜெயபாலன் கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் கொத்தனாரை வைத்துத் தூணின் கோடுகளைப் பூசினார்கள். புதன்கிழமை காலை பூச்சு முழுக்கச் சுத்தமாகச் சீவி எடுக்கப்பட்டிருந்தது, கொக்கி உட்பட. வியாழக்கிழமை ஒரு பொறியாளர் வந்து, தூணின் பலத்தைப் பார்க்க விரல் கனத்துக்குத் துளை போட்டார். துளையிலிருந்து முதலில் ஒரு நூல் இரத்தம் வந்தது, பிறகு பால் வந்தது. பொறியாளர் தன் அறிக்கையில் துரு என்று எழுதினார். தூண் பாதிக்குமேல் வெட்டுப்பட்டுவிட்டது, இன்னும் சில மாதத்தில் கூரை இறங்கும், ஆகவே சுற்றிலும் இரும்பு முட்டுக் கொடுத்துத் தூணை அறுத்து எடுத்துவிட வேண்டும் என்றும் எழுதினார். அவர் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. முதலாளி லியோங் பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அறுப்பு ஆட்களை வரச் சொன்னார். துளையில் இரத்தம் வந்ததைப் பார்த்தவள் நல்லம்மாள். ரம்பம் வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவள் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். கேட்டுக் காவலுக்கு இருந்த ஜாகா வந்து கையைப் பிடித்துத் தூக்கினார். மறுநாளும் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் திங்கட்கிழமை அவள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே விட்டார்கள். கேட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். வந்த பஸ் எதிலும் ஏறவில்லை.

புதன்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு ஜெயபாலன் தனியாகக் கூடத்துக்குள் போனான். ஏன் போனான் என்று பின்னால் கேட்டவர்களிடம், விளக்கு எரிகிறதா என்று பார்க்கப் போனேன் என்றான். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. மரப்பட்டையில் உளி ஓடும் சத்தத்தைப் பதினாலு வயது வரைக்கும் கேட்டு வளர்ந்தவன் அவன். அவன் கண் முன்னாலேயே தூணில் ஒரு கொக்கி விழுந்தது, அங்கிருந்து கோடு சாய்ந்து இறங்கியது, வெற்றிலை கனத்தில் சிமெண்டுச் சீவல் சுருண்டு தரையில் விழுந்தது. பால் அரும்பியது. பிறகு யாரோ தூணின் மறுபக்கம் குத்துக்கால் போட்டு உட்காரும்போது வரும் பெருமூச்சு ஒன்று கேட்டது. ஜெயபாலன் வெளியே ஓடினான். மீன்பிடி ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில் மகள் வீட்டில் கிடந்து செத்த அவன் அப்பா, கடைசி மூன்று வருடம் தினமும் காலையில் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மணி அடிச்சாச்சா, மணி அடிச்சாச்சா என்று. கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். அவனும் சொன்னான்.

வியாழக்கிழமை சாயங்காலம் காரைக் கொண்டுபோய் பஸ் நிறுத்தத்தில் நிறுத்தினான். “ஏறுங்கக்கா, போலாம்,” என்றான். அவள் ஏறிக்கொண்டாள். தண்டவாளத் துண்டு எங்கே இருக்கிறது என்று அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அதுதான் அவனை அத்தனை நாள் தின்றுகொண்டிருந்தது. தோட்டம் மூடியபோது அப்பா அதைக் கழற்றிக் கையோடு ஹுத்தான் மெலிந்தாங்குக்குக் கொண்டுபோய், மகள் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் இருந்த மீனவர் டொமினிக்குக்குப் படகு நங்கூரமாகக் கொடுத்துவிட்டார். கண்ணில் படாத இடத்துக்கு, தண்ணீருக்கடியில், அது போனால் போதும் என்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது டொமினிக் கடலில் இருந்தார். அவர் மனைவி குழந்தையம்மாள் தேத்தண்ணி கொடுத்து, நாளைக்கு எட்டு மணிக்குக் கடல் தண்ணீர் ஏறும்போதுதான் படகு உள்ளே வரும் என்றாள். நல்லம்மாள் படகுத்துறைப் பலகையிலேயே உட்கார்ந்திருந்தாள். படகு எட்டரைக்கு வந்தது. டொமினிக் சேதியை முழுக்கக் கேட்டார், மீன் கூடையை இறக்கினார், கையைத் துடைத்தார்.

“இருபது வருசமா என் படக புடிச்சு நிறுத்துன இரும்பு. சும்மா குடுக்க மாட்டேன், நானும் கூட வாரேன்,” என்றார்.

தெலுக் இந்தான் வழியாக வந்து அவர்கள் கேட்டில் நுழைந்தபோது மணி பத்து நாற்பத்தைந்து. ரம்பச் சத்தம் வெளியிலேயே கேட்டது. உள்ளே ஓடிப்போனபோது அறுப்பு வட்டு தூணில் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. பால் கொட்டியது, அந்தப் பால் இளஞ்சிவப்பாக இருந்தது. ஜெயபாலன் போய் ரம்பத்துக்கும் தூணுக்கும் நடுவில் நின்றான். அறுப்பவன் பயந்துபோய் விசையை அணைத்தான். முட்டுகளுக்கு நடுவே நின்ற ஒரு ஃபோர்க்லிப்டின் இரும்பு நாக்கில், படகுக் கயிற்றால் தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஜெயபாலன் ஸ்பானரை ஓங்கினான். நல்லம்மாள் அவன் கையைப் பிடித்தாள்.

“இன்னும் பதினோரு மணி ஆகல தம்பி. முன்னாடி அடிச்சா அவரு நம்ப மாட்டாரு. பத்து நிமிசத்துக்குத்தான் அந்த அடி வாங்குனாரு.”

“நீங்களே அடிங்கக்கா.”

“நான் அடிச்சா பொண்டாட்டி கூப்பிடறான்னு தெரிஞ்சிடும். வரவே மாட்டாரு. மண்டோர் கைதான் அடிக்கணும்.”

சுவர்க் கடிகாரம் பத்து ஐம்பது காட்டியது. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி மூன்றாம் கூடத்தில் இருந்தவர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். நேப்பாளத்துப் பையன்களும் வங்காளதேசத்துப் பையன்களும் கையுறை அடுக்குவதை விட்டுவிட்டு வரிசையாக நின்றார்கள். டொமினிக் குனிந்து, மீன் வெட்டும் கத்தியால் இரும்பில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார், சிப்பியோடு அடித்தால் சத்தம் செத்துப்போகும் என்றார். பத்து ஐம்பத்துமூன்றுக்கு முதலாளி லியோங் வந்தார். நின்றுபோன ரம்பத்தைப் பார்த்து, “பொத்தோங்,” என்றார், வெட்டு என்று. யாரும் அசையவில்லை. திரும்பவும் சொன்னார். ஜெயபாலன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றித் தரையில் வைத்தான். வைத்துவிட்டு அங்கேயே நின்றான். பால் சொட்டும் சத்தம் கேட்டது. பத்து ஐம்பத்தேழுக்குக் கூரையில் எங்கோ ஓர் இரும்பு முனகியது, அறுப்பு ஆட்கள் இரண்டு பேர் வெளியே ஓடிவிட்டார்கள். லியோங் ஓடவில்லை. அவர் ஒரு முறை கூரையைப் பார்த்தார், ஒரு முறை பாலின் நிறத்தைப் பார்த்தார், பிறகு கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது. நல்லம்மாள் பிடித்த கையை விட்டாள்.

ஜெயபாலன் மூன்று அடித்தான். ஒரு மூச்சு விட்டான். இரண்டு அடித்தான்.

தூணின் பின்னாலிருந்து சின்னையா வந்தார். தோளில் காண்டாக் கம்பு, இரண்டு பக்கமும் விளிம்பு வரைக்கும் பால் நிறைந்த வாளிகள், நெற்றியில் அணைந்த விளக்கு. வயது, காணாமல் போன அன்றிருந்த அதே முப்பத்தொன்பது. இடது தோளில் சட்டை கிழிந்து கொஞ்சம் இரத்தம் கசிந்திருந்தது, ஏதோ முள் கீறியதுபோல. சுற்றி நின்றவர்களை அவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, வாளி சிந்தாமல் நடப்பதிலேயே கண்ணாக இருந்தார். வழியில் தலை நரைத்த ஒருத்தி நிற்பதைப் பார்த்தார்.

“கொஞ்சம் தள்ளிக்குங்கக்கா, பால் சிந்திடும்,” என்றார்.

நல்லம்மாள் தள்ளிக்கொண்டாள். இருபத்தைந்து வருடம் காத்திருந்தவள், அவர் தன்னைத் தாண்டிப் போவதை நாலு அடி பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் உயிரோடு வருவாரா மாட்டாரா என்பதையே நினைத்திருந்தாளே ஒழிய, தான் கிழவியாகிவிட்டதை அவள் ஒரு நாளும் கணக்கில் எடுத்திருக்கவில்லை. பிறகு வாயைத் திறந்தாள்.

“ஏங்க.”

சின்னையா நின்றார். ஒரு சொட்டு சிந்தாமல் கம்பைச் சுழற்றித் திரும்பினார். அவளை நெற்றிப் பொட்டிலிருந்து ரப்பர் செருப்பு வரைக்கும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இன்னிக்கி மணி ரொம்ப லேட்டு,” என்றார்.

“ஆமாங்க. லேட்டுதான்.”

ஸ்டோர் இல்லாததால் அந்த இரண்டு வாளிப் பாலையும் லியோங்கே முன்னால் நடந்து வழிகாட்டி, தொழிற்சாலையின் பெரிய தொட்டியில் ஊற்றச் செய்தார். அன்றைக்கு வார்த்த கையுறைகள் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தன என்று அடுக்கிய பெண்கள் சொன்னார்கள். தூண் அதற்குப் பிறகு பால் விடவில்லை. இரும்புப் பட்டை போட்டுச் சிமெண்டு நிரப்பினார்கள், நன்றாக நிற்கிறது. இருபதாம் தேதி வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஏழாம் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, கழிவறையில் சோப்பு இல்லை என்று மட்டும் குறை எழுதினார்கள். கேட்டில் ஜாகா, வருகையாளர் புத்தகத்தில் சின்னையாவின் பெயரை எழுதி, வெளியேறிய நேரம் பதினொன்று இருபது என்று போட்டார். உள்ளே வந்த நேரத்தைக் கேட்டார். ஐந்தேமுக்கால் என்று சின்னையா சொன்னார். ஜாகா அப்படியே எழுதிக்கொண்டார்.

ஜெயபாலன் தரையில் வைத்த அட்டையை லியோங் மறுநாள் அவன் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். தண்டவாளத் துண்டு இப்போது மூன்றாம் கூடத்து வாசலில் தொங்குகிறது. டொமினிக்குக்குப் புது நங்கூரம் வாங்கிக் கொடுத்தாகிவிட்டது, அது பழையதுபோலப் பிடிக்கவில்லை என்று அவர் இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறார். தினமும் காலை பதினோரு மணிக்கு ஜெயபாலன் ஏர்கான் அறையிலிருந்து இறங்கி வந்து மூன்றும் இரண்டும் அடிக்கிறான். தொழிற்சாலை மூடிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தீபாவளியன்றும்கூட வந்து அடித்துவிட்டுப் போகிறான். கூடத்தில் இன்னும் முப்பத்தொரு தூண்கள் பழைய பலகைக்குள்தான் நிற்கின்றன. அவற்றைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

நல்லம்மாளும் சின்னையாவும் ஈப்போவின் புந்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். தோள் காயம் ஆறியதும் அவர் அதே தொழிற்சாலையில் பால் தொட்டிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார், ஒரு நாளும் மணிக்கு முன்னால் எழுந்ததில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் சந்தைக்குப் போனார்கள். அவர் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, கறிவேப்பிலை விற்பவள், “மகனா அக்கா? நல்லா இருக்காரே!” என்று கேட்டாள். நல்லம்மாள் சில்லறையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“வூட்டுக்காரரு. வேலை முடிஞ்சு வர கொஞ்சம் லேட்டாயிருச்சு லா,” என்றாள். கறிவேப்பிலைக்காரி ஆமாம் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, இன்னொரு கொத்து சேர்த்துப் போட்டாள்.